நிழல் சொல்வதும் ஆசிரியர் சொல்வதும்

வினவிக் கற்கும் முறையென்றால் ஆசிரியர் எதையுமே சொல்லலாகாது என்று கருதுவோர் பலர். எலவனாசூர்கோட்டையில் மாணாக்கருக்கு விஞ்ஞானம் போதித்து வரும் எனக்கோ, எதைச் சொல்லாமல் பொறுப்பது, எதைச் சொல்லியே தீர்வது என்று பகுத்துணரும் விவேகமே அம்முறையின் ஜீவநாடி என்று தோன்றுகிறது.

பகல் 12 மணிக்குச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், நிழலே இராது என்பது பிள்ளைகளிடம் மட்டுமன்றிப் பெரியவர்களிடமும் வேரூன்றிய நம்பிக்கை. அதை மறுத்துரையாமல், அவரவர் எதிர்பார்ப்பதை முதலில் நோட்டில் எழுதச் செய்து, ஆகஸ்டு மாதத்தில் பள்ளி மைதானத்தில் தூக்குநூல் பிடித்து ஒரு கோலை நட்டு, 11.30 மணி முதல் ஐந்து நிமிஷத்துக்கொருமுறை நிழலின் நுனியில் புள்ளியிடச் சொல்வேன். எழுதி வைக்காத மனம், கண்டதையே தான் முன்பு நினைத்ததாகச் சாதித்துவிடும். மாதத் தொடக்கத்தில் உச்சிவேளை நிழல் தெற்கே விழுகிறது. நாளுக்கு நாள் குறுகி, 20-ஆம் தேதியை ஒட்டி அறவே மறைந்து, பின்னர் வடக்கே நீளத் தொடங்குகிறது. மேகம் மூடிய நாட்கள் போக எஞ்சிய புள்ளிகளே, சூரியன் நம் தலையைக் கடந்து தெற்கே செல்வதைப் பிரத்தியட்சமாகக் காட்டிவிடுவதால், நான் வாய் திறக்க அவசியமில்லை.

ஆனால் நிழல் மிகக் குறுகுவது 12 மணிக்கன்று, ஏறக்குறைய 12.15-க்கு என்று கண்டு, கடிகாரத்தையும் கோலையும் மாறிமாறிச் சந்தேகிக்கும் பிள்ளைகளுக்கு எத்தனை நாள் அளந்தாலும் விடை கிட்டாது. கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகையின் பொழுதே இந்தியாவின் பொது நேரமென 1906-இல் வகுக்கப்பட்டது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு; அதை நானே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் 79 பாகைக்குச் சற்றுக் கிழக்கே இருப்பதையும், பாகைக்கு நான்கு நிமிஷம் என்பதையும் கொண்டு, ஏறத்தாழ 13 நிமிஷத் தாமதத்தை அவர்களே கணக்கிடுகிறார்கள். எஞ்சும் சில நிமிஷங்களுக்குக் காரணமான பூமியின் நீள்வட்டப் பாதையும் அச்சின் சாய்வும் மேல்வகுப்புக்குரியவை.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளின் கைக்கு வேலை தந்தது. அக்கைக்கு முன்னே ஒரு கேள்வி நடப்பதற்கு வழிசெய்வது ஆசிரியரின் கடமை. இயற்கை விடையளிக்கக்கூடியதை இயற்கையிடமே விட்டுவிடுங்கள். மனிதர் வகுத்ததை, மாணாக்கர் அதைக் கேட்டு நிற்கும் வேளையில், தயங்காமல் சொல்லிவிடுங்கள்.