முள் ஆடும் வண்டி: சில குறிப்புகள்

வண்டி சூடாகிறது என்றால் உடனே ரேடியேட்டரைக் குறை சொல்கிறோம். அதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ள வேண்டும். சூடு காட்டும் முள் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, அப்போது வண்டி என்ன வேகத்தில் போனது. பாதிப் பழுது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

*

மச்சானுடைய பழைய பெட்ரோல் கார், இரண்டாம் கையாக வாங்கியது. பிள்ளையார்பட்டியில் கோயில் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்தால் முள் முக்காலைத் தாண்டுகிறது. அங்கிருந்து திருப்பத்தூர் ரோட்டில் வேகமெடுத்தால் கால் அளவுக்கும் கீழே விழுகிறது. காரைக்குடிக்குள் திரும்பி வந்ததும் மறுபடி ஏற்றம். இதுவரை மாற்றிய பொருள்கள்: ஒரு ஹோஸ், ஒரு சென்சார். பலன் இல்லை.

*

பொதுக் கணக்கு:

நின்றால் சூடு, ஓடினால் சரியாகிறது: ஃபேன் ஓடவில்லை.

ஓட ஓடச் சூடு: ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் குறைவு, அல்லது வாட்டர் பம்ப்.

ஓடினால் அளவுக்கு மீறிய குளிர்ச்சி: தெர்மோஸ்டாட் மூடவில்லை, அல்லது உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை.

முள் நொடியில் குதிக்கிறது: வயர். இத்தனை லிட்டர் தண்ணீரின் சூடு ஒரு நொடியில் அப்படி மாறாது. ஹெட்லைட் போட்டதும் முள் நகர்ந்தால் எர்த் வயரைப் பிடித்துத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது, வெளியே ஒழுகல் இல்லை, சைலன்ஸரில் வெள்ளைப் புகை: ஹெட் கேஸ்கெட். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

*

மச்சான் வண்டியில் இவற்றில் ஒன்றல்ல, முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்திருக்கின்றன. ஒரே முள், இரண்டு பழுது. ஒரு பொருளை மாற்றிப் பார்த்துவிட்டு ‘சரியாகவில்லை’ என்று விட்டதற்குக் காரணம் இதுதான்.

*

தேவகோட்டை ரஸ்தா பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. வண்டியை நிறுத்தியபடியே ஓடவிட்டு ஏசியைப் போடச் சொன்னார். ஃபேன் சுற்றியது, முள் இறங்கியது. இப்படிப்பட்ட பழைய வண்டிகளில் ஏசி போட்டால் ஃபேன் தனி வழியில் ஓடும். ஆகவே மோட்டார் நல்லது. சூடானால் ஃபேனை ஓடவைக்கும் சுவிட்ச்தான் செத்திருக்கிறது. அந்த சுவிட்சின் இரண்டு வயரையும் ஒன்றாகச் சேர்த்ததும் ஃபேன் ஓடியது. சுவிட்சைக் கழற்றினால் நுனி முழுக்கச் சுண்ணாம்புப் படிவு.

அடுத்து தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைத் திறந்தார். உள்ளே வெறும் பள்ளம்.

“நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குன்னு கழட்டி வீசிடுறாக தம்பி. எஞ்சினுக்கும் ஒரு சூடு வேணும்ல?”

*

தெர்மோஸ்டாட் ஒரு சின்ன வால்வு. உள்ளே மெழுகு. ஏறக்குறைய 82 முதல் 88 டிகிரியில் மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கும். அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். எஞ்சின் சீக்கிரம் தன் சூட்டுக்கு வரத்தான் இந்த ஏற்பாடு.

கழற்றிவிட்டால் வேகமாகப் போகும்போது எஞ்சின் குளிர்ந்தே ஓடும். எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் குறையும், பெட்ரோல் ஆயிலில் கலக்கும், தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் இதே வால்வு, தண்ணீர் உள்ளுக்குள் சுற்றும் பக்கவழியையும் அடைக்கும். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாது. குளிர வேண்டும் என்று செய்த வேலை சூட்டைக் கூட்டிவிடும்.

*

இரண்டு பழுதுக்கும் வேர் ஒன்றுதான்: போர் தண்ணீர். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. படிவு சேர்ந்தால் தெர்மோஸ்டாட் சிக்கும். சிக்கினால் வண்டி சூடாகும். சூடானால் கழற்றி எறிவார்கள். தண்ணீர் மட்டும் மாறாது.

காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசி ஊரறிந்தது. குடிக்க அது அருமை, ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். நாக்குக்குத் தெரியாத உப்பு உலோகத்துக்குத் தெரியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும்தான் சரி.

*

இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், நடுவே உப்பு கலந்த தண்ணீர். இரண்டு உலோகமும் உப்பு நீரும் சேர்ந்தால் அங்கே ஒரு மின்கலம் உருவாகி, அலுமினியத்தை அரிக்கும். இந்த அரிப்பை ஆராய்கிற தேசிய நிலையம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த செக்ரி. 1948இல் அடிக்கல், 1953இல் திறப்பு. அந்த மதிலைக் கடந்து தினமும் எத்தனையோ வண்டிகள் போர் தண்ணீரோடு போகின்றன என்பது மனத்தை உறுத்துகிறது. கூலன்டின் முக்கிய வேலை நம் ஊரில் உறைவதைத் தடுப்பதல்ல, அரிப்பைத் தடுப்பது. பச்சைத் தண்ணீரில் அந்தக் காப்பு கிடையாது.

*

ரேடியேட்டர் மூடி விலை குறைந்த பொருள், வேலை பெரிது. உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. 0.9 பார் மூடி சரியாக இருந்தால் தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. அதன் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிட வேண்டும். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. முகம் வெந்துவிடும்.

*

செய்த வேலை: உள்ளே நன்றாகக் கழுவி, பழுப்புத் தண்ணீரை வெளியேற்றி, புது தெர்மோஸ்டாட், புது ஃபேன் சுவிட்ச், புது மூடி. கூலன்ட் ஊற்றி, ஹீட்டரைத் திறந்துவைத்து, காற்றுக் குமிழி முழுதும் வெளியேறும்வரை ஓடவிட்டது. காற்று உள்ளே நின்றுவிட்டால் முள் மறுபடி ஆடும். எஞ்சின் ஆறிய பிறகு மட்டத்தைத் திரும்பப் பார்த்துக் குறைந்ததை நிரப்ப வேண்டும்.

இப்போது பிள்ளையார்பட்டிக் கூட்டத்திலும் திருப்பத்தூர் ரோட்டிலும் முள் பாதியில் நிற்கிறது.

*

வழியில் முள் சிவப்பைத் தொட்டால்: ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்டி எஞ்சினை அணைக்கவும். ஆறும்வரை காத்திருக்கவும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

*

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு: எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். துருநிறம் என்றால் கழுவும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள். கழற்றிவிடலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.