ஏற்காட்டுக் காபிக்கு சென்னையில் எங்கே போவது?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அந்த மலையில் இருக்கும் ஊர்களில் ஒன்று மஞ்சக்குட்டை. வீட்டைச் சுற்றிக் காபிச் செடி, செடிக்கு நிழலாக சில்வர் ஓக் மரம், மரத்தில் ஏறிய மிளகுக் கொடி... இப்படி ஒரு ஊரில் பிறந்த பையன் சென்னைக்குப் படிக்க வந்தால் எதற்கு ஏங்குவான்? அம்மா சமையலுக்கா? அதுவும்தான். ஆனால் இந்தப் பையன் ரொம்ப ஏங்கியது ஒரு டம்ளர் காபிக்கு!

சென்னையில் காபிக்கா பஞ்சம் என்று நீங்கள் சிரிக்கலாம். தெருவுக்கு ஒரு காபிக் கடை இருக்கிற ஊர் இது. ஆனால் ஹாஸ்டலில் தருவது இன்ஸ்டன்ட். வெளியே டம்ளர் நிறைய நுரையோடு வருவதில் பாதி சிக்கரி. வீட்டில் பாட்டி கொட்டையை இரும்புச் சட்டியில் வறுத்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைத்துப் போடும் காபி இதில் எதிலும் இல்லை.

சீனாவில் நல்ல பச்சைத் தேயிலைக்கு ஒரு நாள்கணக்கு உண்டு. ஏப்ரல் 5-ஆம் தேதி வாக்கில் வரும் சிங்மிங் திருநாளுக்கு முன்னால் பறித்த கொழுந்துக்குத்தான் மவுசு அதிகம். எந்த மலை, எந்த வசந்தம் என்று கேட்டு வாங்குவார்கள். காபிக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. பச்சைக் கொட்டை பக்குவமாகக் காய்ந்திருந்தால் பல மாதம் தாங்கும். வறுத்துவிட்டால் சில வாரம்தான். பொடி ஆக்கிவிட்டால் சில நாளிலேயே வாசனை கிளம்பிவிடும். ஆக, நல்ல காபி தேடுகிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எப்போ வறுத்தது?"

பையன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இந்தக் கேள்வியோடு அலைந்தான்.

முதல் கடையில் கேள்வியே புரியவில்லை. "சிக்கரி எவ்வளவு போடணும், அதச் சொல்லு தம்பி" என்றார்கள். இதில் கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது. காபி-சிக்கரிக் கலவையில் 100-க்கு 49 பங்கு வரை சிக்கரி இருக்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. பாக்கெட்டில் அளவைப் போட்டால் போதும். சிக்கரி ஒரு செடியின் வேர். குஜராத் பக்கம் நிறைய விளைகிறது. காபியை விட மலிவு, டிகாஷனுக்கு நல்ல கறுப்பும் கெட்டியும் தரும். ஆனால் அதில் காஃபீன் கிடையாது.

இரண்டாவது கடையில் பிளான்டேஷன் ஏ இருந்தது, பீபரி இருந்தது, ரோபஸ்டா இருந்தது. "இதெல்லாம் எந்த மலை?" என்றான். "கூர்க்கு, சிக்மகளூரு..." என்று இழுத்தார்கள். ஏற்காடு? "அங்க காபி விளையுதா என்ன?"

பையனுக்கு வலித்தது இங்கேதான்.

சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது நேற்று இல்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டு வந்தது. 200 வருஷக் கதை. அரபிகா அங்கே நன்றாக விளையும். காபி போர்டு தன் வட்டாரக் காபிகளின் வரிசையில் சேர்வராயனுக்கும் ஒரு தனி இடம் கொடுத்திருக்கிறது. ஆனாலும் 2019-இல் கூர்க், வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுடன்கிரி என்று ஐந்து காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தப் பட்டியலில் சேர்வராயன் இல்லை.

பெயர் தொலைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1942-இல் காபிச் சட்டம் வந்த பிறகு, விவசாயி விளைந்ததைப் போர்டிடம் ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. எல்லாம் ஒரு பொதுக் குவியலுக்குப் போகும். 1990-களின் நடுவில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. பெரிய எஸ்டேட்டுகள் தங்கள் பெயரிலேயே விற்கலாம் என்று ஆனது. ஆனால் பையனின் அப்பா மாதிரி இரண்டு மூன்று ஏக்கர்காரர்கள்? பழத்தை அப்படியே காயவைத்து வருகிற வியாபாரிக்கு எடை போட்டுக் கொடுப்பதுதான். மூட்டை மலை இறங்கியதும் அது யார் காபி என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவது கடை மயிலாப்பூர் பக்கம் ஒரு சந்தில். காலையில் கண்ணெதிரே வறுக்கிறார்கள். அங்கிருந்த பெரியவர் நிதானமாகச் சொன்னார். "ஏற்காட்டுக் கொட்டை தனியா வராது தம்பி. வியாபாரி மூட்டையில எல்லாம் கலந்துதான் வரும். ஆனா எப்போ வறுத்ததுன்னு கேட்டியே, இது இன்னிக்குக் காலையில வறுத்தது. கையில வாங்கிப் பாரு, சூடு ஆறல."

கால் கிலோ, சிக்கரி இல்லாமல் வாங்கிக்கொண்டான். இரவு அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "கால் கிலோ எவ்வளவுடா?" பையன் விலையைக் குறைத்துச் சொன்னான். முழு விலையைச் சொல்லியிருந்தால், வியாபாரி தனக்குக் கொடுத்ததோடு அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது மலையில் அறுவடை. இந்தத் தடவை அப்பாவிடம் கேட்டு, நன்றாகச் சிவந்த பழமாகப் பொறுக்கி ஒரு கூடை தனியாக எடுத்து வைத்தான். தோல் நீக்கி, ஒரு நாள் ஊறவைத்து, வழவழப்புப் போகக் கழுவி, வெயிலில் காயவைத்தார்கள். லீவு முடிந்து அவன் கிளம்பிய பிறகும் கொட்டை காய்ந்துகொண்டுதான் இருந்தது. பாட்டி உரலில் இடித்து முறத்தில் புடைத்துக் கொடுத்தது, மாசக் கடைசியில் அப்பா மூலமாகச் சென்னைக்கு வந்தது. இரண்டு கிலோ.

மயிலாப்பூர் பெரியவர் ஒரு கொட்டையை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் காயவச்சிருக்காங்க" என்று சொல்லி, கூலிக்கு வறுத்துக் கொடுத்தார்.

ஹாஸ்டல் அறையில் பில்டரில் டிகாஷன் இறங்கியது. "என்னடா, கறுப்பாவே இல்ல!" என்றான் ஒருவன். சிக்கரி இல்லாத டிகாஷன் அப்படித்தான். இன்னொருவன் லேசாகப் புளிக்கிறது என்று இன்னும் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டான். மூன்றாமவன் எதுவும் பேசாமல் இரண்டாவது டம்ளருக்கு நீட்டினான். :-)

பையன் இதை அப்படியே போனில் அப்பாவிடம் சொன்னான். புளிப்பு என்று சொன்னதையும் விடவில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "முப்பது வருஷமா விக்கிறேன்... குடிச்சவங்க என்ன சொன்னாங்கன்னு இன்னிக்குத்தான்டா கேக்கிறேன்" என்றார்.

அடுத்த முறை நீங்கள் காபிப் பொடி வாங்கப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எப்போ வறுத்தது? சிக்கரி எவ்வளவு? எந்த மலை? முதல் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும். மூன்றாவதற்குப் பதில் கிடைக்காது. பரவாயில்லை, கேட்டு வையுங்கள். நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் கடைக்காரர் வியாபாரியிடம் கேட்பார். வியாபாரி மலை ஏறும்போது மூட்டையில் ஊர்ப் பெயர் எழுதுவார்.