அசிசி நகரின் அச்சகம்

இத்தாலியில் சுபாசியோ மலைச் சரிவில் அமைந்த சிற்றூர் அசிசி. அவ்வூர்த் துறவி பிரான்சிஸ், சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த 1219இல் எகிப்து சென்று சுல்தான் அல்காமிலைச் சந்தித்தார். எதிரிப் பாசறையிலிருந்து வந்தவரை அந்தச் சுல்தான் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார்.

அதே பண்பைக் காட்டும் சோதனை அசிசிக்கும் வந்தது. 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படை அப்பகுதியைக் கைப்பற்றியது. உயிருக்கஞ்சிய யூதர்கள் அவ்வூரில் தஞ்சம் புகுந்தனர். ஆயர் நிக்கொலீனியின் விருப்பப்படி மடங்கள் கதவு திறந்தன. லூயிஜி பிரீசி என்னும் அச்சகக்காரரும் அவர் மகன் திரெந்தோவும் அம்மக்களுக்கு மாற்றுப் பெயரில் அடையாளச் சீட்டுகள் அச்சிட்டனர். நேச நாட்டுப் படைகள் வசமான தென் இத்தாலிய ஊர்களையே முகவரியாக இட்டனர். ஜெர்மானியர் அங்கே விசாரிக்க இயலாதல்லவா! 1944 ஜூனில் ஊர் விடுதலை பெறும்வரை ஏறத்தாழ 300 பேர் காக்கப்பட்டனர்.

என் நெஞ்சைத் தொடுவது அந்தத் தந்தையின் துணிவு. பிடிபட்டிருந்தால் தம் உயிரோடு மகனின் உயிரும் போயிருக்கக் கூடும்.

அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தை நாம் ஓதுகிறோம்; பொருளும் அறிவோம். நள்ளிரவில் வேற்று மார்க்கத்தார் ஒருவர் உயிருக்கஞ்சி நம் கதவைத் தட்டினால், உள்ளே உறங்கும் பிள்ளைகளை எண்ணித் தாழ்ப்பாளை இறுக்குவோமா, திறப்போமா? இன்றிரவு உங்கள் இல்லத்தாரோடு இதைப் பேசிப் பாருங்கள்.