இறுக்கம் என்றொரு சொல்

விமர்சனத்தில் 'இறுக்கம்' என்ற சொல்லை நாம் தாராளமாகப் புழங்கிவருகிறோம். ஒரு கவிதை இறுக்கமாக இருக்கிறது என்றால் பாராட்டு. தளர்ந்திருக்கிறது என்றால் கண்டனம். எது எதனோடு இறுகியிருக்கிறது, அப்படி இறுகியதால் எது இயங்குகிறது, எது இயங்க முடியாமல் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கயிறும் மரையும் திருகும் கையாண்டவர்களிடமிருந்து வந்த சொல் இது. எழுதுகிறவர்களிடம் வந்து சேர்ந்தபோது அளவு கழன்றுபோய், தொனி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்த யோசனைக்கு என்னை இழுத்துப்போனது நான் வைத்திருக்கும் 1985 மாடல் புல்லட்.

வண்டி எங்கள் வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவரிடமிருந்து வந்தது. எல்லோருக்கும் அவர் பத்தர். சிப்காட்டில் ஷிஃப்டு முடித்து வருகிறவர்களும், பாகலூர்ப் பக்கத்து விவசாயிகளும் அடகுக்கு நகை கொண்டுவந்தால், கல்லில் உரைத்து, அமிலம் தொட்டு, கோட்டின் நிறம் பார்த்து மாற்றுச் சொல்லுவார். 'உரைகல்' என்ற சொல்லையும் விமர்சகர்கள் விட்டுவைக்கவில்லை. பத்தரின் மேஜைக்கு எதிரே நான்கு வருஷம் உட்கார்ந்திருந்ததில் எனக்குத் தெரிந்தது: கல் தானாக எதையும் சொல்வதில்லை. மாற்றுத் தெரிந்த இன்னொரு கோடு பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஒப்பிட ஏதுமில்லாமல் அவர் வாயைத் திறக்க மாட்டார். ஓய்வுபெற்ற பிறகு, கிக்கரை உதைக்க முழங்கால் ஒத்துழைக்காமல் போனபோது, வண்டியை என்னிடம் கொடுத்தார். "வெளியில குடுத்துப் பழக்காதீங்க சார். நீங்களே கழட்டிப் பாருங்க. ஒண்ணும் கடிக்காது" என்றார்.

புல்லட்டின் சரித்திரம் நம் இலக்கியச் சூழலுக்கு அந்நியமானதல்ல. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து யந்திரம் அது. 1955இல் சென்னைக்கு வந்து, பின்னர் திருவொற்றியூரிலேயே முழுதாக வார்க்கப்பட்டது. மூலக் கம்பெனி 1970ஐ ஒட்டி மறைந்துபோயிற்று. இங்கேயோ 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. ஓட்டமும் கொண்ட அதே 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை ஏறக்குறைய மாறாமல் வந்துகொண்டிருந்தது. பிறந்த இடத்தில் கைவிடப்பட்ட ஒரு வடிவத்தை இங்கே இன்னும் அரை நூற்றாண்டு போற்றிவைத்திருப்பது நமக்குப் புதிதா என்ன!

ஆனால் இந்த வடிவத்தின் பெரிய குணம், காரணத்தை மறைக்காதது. ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு ஆம்மீட்டர் இருக்கிறது. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்லக் கீழே அழுத்திக்கொண்டே வந்தால், சாய்ந்து நிற்கும் முள் ஓரிடத்தில் நடுவுக்குத் திரும்பும். உள்ளே பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியை நெருங்கியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். டிகம்ப்ரஸரைப் பிடித்து ஒரு விரற்கடை தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு உதைத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பலத்துக்கு இதில் அதிக வேலை இல்லை. முள்ளை வாசிக்கத் தெரியாத பயில்வான்கள் தெருவில் வியர்த்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இறுக்கத்துக்கு வருகிறேன். டாப்பெட் சரிபார்க்க எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டனை அழுத்தத்தின் உச்சியில் நிறுத்தி, சிலிண்டரின் வலப்பக்கத்துச் சிறு மூடியைக் கழற்றினால் இரண்டு தண்டுகள் தெரியும். வால்வுகளைத் தூக்கும் புஷ்ராடுகள் அவை. விரலால் திருப்பினால் தண்டு சுழல வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. இவ்வளவுதான் அளவு. தளர்ந்திருந்தால் சத்தம் போடும், வால்வு போதுமான அளவு திறக்காது; ஆனால் வண்டி ஓடும். அதிகம் இறுக்கிவிட்டால் சத்தமே இராது, கேட்பதற்குச் சுகமாக இருக்கும். வால்வு மட்டும் தன் இருக்கையில் முழுதாக அமராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைக் கடத்துவது மூடி அமர்ந்திருக்கும் அந்தக் கணத்தில்தான். அமர முடியாத வால்வு எரிந்துபோகும். ஆக, சத்தமற்ற இறுக்கம் உள்ளே எரித்துக்கொண்டிருக்கும் இறுக்கமாகவும் இருக்கக்கூடும். நம் கவிதைகளில் சிலவற்றைப் பற்றி இதைவிடத் துல்லியமாக நான் எங்கும் படித்ததில்லை.

சென்ற வருஷக் கோடையில் வண்டி வேறொரு பாடம் வைத்தது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி 50 கிலோமீட்டர். மேட்டு நிலத்திலிருந்து இறங்கிக்கொண்டே போகும் பாதை. சூளகிரி தாண்டியதும் எஞ்சின் நின்றுவிடும். அரைமணி நேரம் புளிய மர நிழலில் நின்றால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும். காரணம் சாதாரணமானது. நோய் சூட்டில் வருகிறது, நான் பரிசோதித்தது குளிரில். ஆகவே அடுத்த முறை நின்ற இடத்திலேயே பார்த்தேன். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தேன். காற்று உறிஞ்சும் ஓசை இல்லை, மூடியின் துளை அடைபடவில்லை. ப்ளக்கைக் கழற்றி சிலிண்டர் மேல் வைத்து உதைத்தால், பொறி மஞ்சளாக, சோகையாக வந்தது. பாயிண்ட் முனைகளுக்கிடையே மட்டும் நல்ல வெளிச்சம்.

பாயிண்ட் திறக்கும்போது காயிலில் ஓடும் மின்சாரம் சட்டென்று அறுபட வேண்டும். அந்த அறுபடலில்தான் ப்ளக்கைத் தாவும் மின்னழுத்தம் பிறக்கிறது. அறுபடும் கணத்தில் துள்ளுவதை வாங்கிக்கொள்ளக் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு கண்டென்சர் இருக்கிறது. வயதும் சூடும் சேர்ந்து அது வலுவிழந்தால், பொறி பிறக்க வேண்டிய இடத்தை விட்டு பாயிண்டிலேயே எரிந்து தீரும். பழைய கண்டென்சரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, புதிதாக ஒன்றை எஞ்சின் சூட்டுக்கு எட்டாமல் வெளியே ஃப்ரேமோடு கட்டி, ஒயர் கொடுத்தேன். பாயிண்ட் இடைவெளி 0.35இலிருந்து 0.40 மி.மீ.க்குள் இருந்தது, அதைத் தொடவில்லை. கார்பரேட்டரையும் ப்ளக்கையும்கூட மாற்றவில்லை. ஒரே சமயத்தில் நான்கை மாற்றினால் வண்டி ஓடலாம். ஏன் ஓடுகிறது என்று தெரியாது. மறுநாள் கிருஷ்ணகிரி போய்த் திரும்பினேன். அந்த வாரமே மைசூர் வரையும் போனேன். நிற்கவில்லை.

மோட்டார்சைக்கிளையும் தத்துவத்தையும் பேசினால் ராபர்ட் பிர்ஸிக்கின் 1974ஆம் வருஷத்துப் புத்தகம் குறுக்கே வரும். அதில் நண்பருடைய பி.எம்.டபிள்யூ. வண்டியின் தளர்ந்த ஹாண்டில்பாருக்கு, பீர் டப்பாத் தகட்டை வெட்டிச் செருகலாம் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு அது அவமானம். அமெரிக்கக் கூச்சம் அது. ராயக்கோட்டை ரோட்டில் எந்த மெக்கானிக்கும் டப்பாத் தகட்டுக்குக் கூச்சப்பட மாட்டார். தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது நான்கிலும் அதற்கு ஒரு நொடியில் சம்மதம் கிடைக்கும். நம் கூச்சம் வேறிடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸோடு வாசலில் உட்கார்ந்திருந்தால் போகிறவர் வருகிறவர் கேட்கிறார்கள்: "மெக்கானிக் கிடைக்கலையா சார்?" கேள்வியில் அனுதாபம் இருக்கிறது. யார் எதைத் தொடலாம் என்று பிறப்பிலேயே வகுத்துவைத்த சமூகம் இது. எழுதும் கை வேறு, திருகும் கை வேறு. யந்திரத்துக்கு அஞ்சும் மனமும் அதை ரசிக்கும் மனமும் பிர்ஸிக்குக்குப் பிரச்னையாகலாம். நமக்கு அதற்கு முந்திய பிரச்னையே தீரவில்லை. நம் அழகியல் சொற்களில் அளவு இல்லாமல்போனதற்கும் இந்தப் பிரிவினைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். சொல்லை எடுத்துக்கொண்டோம், அதை உண்டாக்கிய கையைத் திண்ணைக்குக் கீழேயே நிறுத்திவிட்டோம்.

பழைய வண்டியைப் போற்றிப் புலம்ப எனக்கு விருப்பமில்லை. புகை விஷயத்தில் அது குற்றவாளிதான். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிக்குப் பிறகு புது வண்டிகள் எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைத் தெளித்துக்கொள்கின்றன; கோளாறு வந்தால் ஒரு எண்ணைக் காட்டுகின்றன. 2023இல் தொடங்கிப் பரவிவிட்ட 20 சதவீத எத்தனால் பெட்ரோல், பழைய ரப்பர்களை ஊதவைக்கும், ஈரத்தையும் இழுக்கும். நீண்ட பயணம் முடிந்ததும் நான் கார்பரேட்டர்க் கிண்ணத்தை வடித்துவிடுகிறேன். 1980இலேயே டி.வி.எஸ். மொபெட் பிறந்த ஊர் ஓசூர். இன்று இங்கேயும் அந்தப் பக்கம் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் வரிசையாக வெளிவருகின்றன. பாயிண்டும் டாப்பெட்டும் அவற்றுக்கு வேண்டியதே இல்லை.

எதிர்வீட்டு மாடியில் ஐந்தாறு பையன்களாகத் தங்கியிருக்கிறார்கள். ஒருவன் அரூர்ப் பக்கம். உதிரிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. ஷிஃப்டு முழுக்க நான்கு போல்ட்டுகளை மெஷினால் இறுக்குவது அவன் வேலை. நான் டாப்பெட் மூடியைத் திறந்து வைத்திருந்தபோது வந்து குந்திக்கொண்டு, "அண்ணா, இதுக்கு எவ்ளோ டார்க் வெக்கணும்?" என்றான். அளவு எண்ணில் இல்லை, விரலில் இருக்கிறது என்று சொல்லித் தண்டைப் பிடிக்கச் சொன்னேன். திருப்பினான். மேலும் கீழும் அசைத்துப் பார்த்தான். "லைன்ல பச்சை லைட் எரிஞ்சா சரிண்ணா, அடுத்தது வந்துடும். எதுக்குன்னு தெரியாது" என்றான். இரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் போல்ட்டுகளை அந்தக் கை இறுக்கியிருக்கும்! எழுதுகிற கையிலிருந்து திருகுகிற கையைப் பிரித்ததோடு காரியம் முடியவில்லை. இப்போது திருகுகிற கையிலிருந்தே இறுக்கம் பற்றிய அறிவைப் பிரித்தாயிற்று. அவன் தண்டை விடாமல் சுழற்றிக்கொண்டிருந்தான். மூடியைப் போட நான் அவசரப்படவில்லை.

மேஜைமேல் ஒரு கவிதைத் தொகுதி மதிப்புரைக்காகக் காத்திருக்கிறது. 'இறுக்கம்' என்ற சொல்லை அதில் எழுத நேர்ந்தால், எந்த வரியை அசைத்துப் பார்த்தேன், எது சுழன்றது, எது ஏறி இறங்கவில்லை என்பதையும் கூடவே எழுதியாக வேண்டும்.