கை மட்டும் எறிவதில்லை

என் அக்கா மகனுக்குப் பத்து வயது. டெக்சாசில் வளர்கிறான். பேஸ்பால் அணியில் பிட்சர். "சித்தி, எனக்கு நேச்சுரலா வரலையாம், அதனால கடைசியிலதான் ஆட விடுறாங்க" என்று ஒருநாள் போனில் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. இடஒதுக்கீட்டில் படிக்க வரும் நம் பிள்ளைகளிடம் 'தகுதி' என்ற பெயரில் சொல்லப்படுவதும் இதே பேச்சுதானே தோழர்களே?

பிறகு வந்த பயிற்சியாளர், பந்து எங்கே போகிறது என்பதை விட்டு உடம்பு எப்படி நகர்கிறது என்று பார்த்தார். பையன் தோளால் மட்டுமே எறிந்துகொண்டிருந்தான். விசை காலில் தொடங்கி இடுப்பு, மார்பு, தோள், முழங்கை வழியாக விரல் நுனிக்கு வர வேண்டும். முன்கால் தரையில் ஊன்றும் முன்பே தோள் திரும்பிவிட்டால் பந்து குறி தவறும், முழங்கையும் பாதிக்கப்படும்.

எறிதலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பழக்கினார். முதலில் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, பக்கத்தில் இருப்பவரிடம் எறிவது. கால் வேலை இல்லாததால் மேலுடம்பில் கவனம் இருக்கும். அடுத்து, பந்துக்குப் பதில் சிறு துண்டைப் பிடித்து வீசுவது. பிறகு முன்காலைத் தூக்கி, தள்ளாடாமல் நின்று, அதன்பின் எறிவது. இந்த வயதில் ஒரு நாளைக்கு ஆட்டத்தில் 75 பந்துகளே உச்சவரம்பு என்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். அதையும் எண்ணி நிறுத்தினார். சில மாதங்களில் பந்து குறிக்குப் போகத் தொடங்கியது.

அவனுக்கு சாட்செல் பேஜ் கதையைச் சொன்னேன். அலபாமாவின் ஏழைக் கறுப்பினச் சிறுவன். 1918இல், 12 வயதில், பள்ளிக்குப் போகாததற்கும் சில்லறைத் திருட்டுக்கும் கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். காலை உயரத் தூக்கி எறியும் முறையை அங்கேதான் எட்வர்ட் பேர்ட் என்ற பயிற்சியாளர் கற்றுக்கொடுத்தார். உலகமே வியந்த பிட்சரானார். ஆனாலும் நிறவெறி மேஜர் லீக் கதவைத் திறக்கவில்லை. 1948இல், 42 வயதில்தான் உள்ளே போக முடிந்தது.

பேஜிடம் திறமை இருந்தது உண்மை. அதற்கு வடிவம் கொடுக்க ஒருவர் கூட நின்றார் என்பதும் உண்மை. கற்றுத் தேர்ந்த பிறகும் வெளியே நிறுத்தினார்கள் என்பதும் உண்மை.

ஆகவே ஒரு பிள்ளைக்குத் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அவனுக்கு யார், எத்தனை நாள் கற்றுக்கொடுத்தீர்கள்? கற்றுக்கொண்ட பிறகு ஆட விட்டீர்களா?