இடது பக்கம் ஒதுங்கும் வண்டி

லாரியிலிருந்து பலகை வழியாக இறங்கி வந்தபோது அந்த வண்டியில் ஒரு குறையும் தெரியவில்லை. காலை எட்டரை மணி. மாதவரத்திலிருந்து செங்குன்றம் போகும் வழியில், ஜி.என்.டி. சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. வண்டியை இறக்கிய ஆபரேட்டரின் முகம்தான் வாடியிருந்தது. "இப்ப நல்லாத்தான் ஓடும்ணே. பத்து மணிக்கு மேல பாருங்க, லெஃப்ட்லயே ஒதுங்கும்" என்றார். பட்டறைக்காரர் தலையாட்டினார். "அப்போ சூடாகட்டும். ஓட்டிக்கிட்டே இரு தம்பி."

பழைய வண்டிகளைப் பழுதுபார்ப்பவரின் ஒரு நாளைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டு நான் அங்கே போயிருந்தேன். பெயர் போடக் கூடாது என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை. வயது ஐம்பத்தைந்துக்கு மேல். இடது ஆள்காட்டி விரலில் ஒரு கணு இல்லை.

வந்திருந்தது ஸ்கிட் ஸ்டியர் லோடர். நான்கு குட்டிச் சக்கரங்கள், முன்னால் பக்கெட், நடுவில் கூண்டு மாதிரி கேபின். சென்னையில் குப்பைமேட்டிலும், கட்டட இடிபாட்டிலும், மழைநீர்க் கால்வாயிலிருந்து அள்ளிப்போட்ட சகதியிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் ஊருக்கு இது பாப்காட்தான். இந்த வண்டியிலோ கம்பெனிப் பெயரே தெரியாதபடி இரண்டு மூன்று முறை பெயிண்ட் ஏறியிருந்தது. ஓடிய மணிநேரம் காட்டும் மீட்டர் எப்போதோ நின்றுவிட்டது.

வான்கோழிக் கொட்டகைக்காகப் பிறந்த வண்டி இது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த லூயிஸ், சிரில் கெல்லர் சகோதரர்கள், தூண்களுக்கு இடையே நுழைந்து எருவை வாரவும் மாடித் தளத்தில் ஓடவும் தோதாக ஒரு மூன்று சக்கர வண்டியை 1957-இல் பண்ணைக்காரர் ஒருவருக்குச் செய்து கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே வடக்கு டகோட்டாவின் மெல்ரோ நிறுவனம் அதைத் தயாரிக்க முன்வந்தது. 1960-இல் நான்காவது சக்கரம் சேர்ந்தது. 1962-இல் பாப்காட் என்ற பெயர் வந்தது. சந்துக்குள் நுழைந்து அசுத்தத்தை வாரிக்கொண்டு வெளியே வருவதுதான் அன்றைக்கும் அதன் வேலை, இன்றைக்கும் அதுதான்.

இதன் சக்கரங்கள் திரும்பாது. மாட்டு வண்டியைத் திருப்பும்போது ஒரு மாட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்றதை ஓட்டுவார்களே, அதே கணக்கு. இடப்பக்கத்து இரண்டு சக்கரங்களையும் எண்ணெயில் ஊறும் சங்கிலிகள் ஒரு ஹைட்ராலிக் மோட்டாரோடு பிணைக்கின்றன. வலப்பக்கத்துக்குத் தனி மோட்டார். இன்ஜின் சுழற்றுகிற இரண்டு பம்புகள் ஆளுக்கு ஒரு பக்கத்துக்கு எண்ணெய் தள்ளுகின்றன. ஒரு பக்கம் நின்று மறுபக்கம் ஓடினால் வண்டி வழுக்கித் திரும்பும். பழுது பார்க்கிறவருக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. ஒரு பக்கம் கெட்டால், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பக்கம் அருகிலேயே இருக்கிறது.

பத்து மணிக்கு மேல் சொன்னபடியே ஆயிற்று. மண்மேட்டில் பக்கெட்டைக் குத்தி முன்னால் தள்ளச் சொன்னார். வலச் சக்கரங்கள் மண்ணைக் கீறின. இடச் சக்கரங்கள் சோர்ந்து நின்றன. வண்டி இடது பக்கம் ஒதுங்கியது.

உடனே ஸ்பேனரை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஆபரேட்டரை எதிரே உட்கார வைத்துக் கேட்க ஆரம்பித்தார். எத்தனை நாளாக? லோடு இல்லாதபோதும் இப்படியா? பக்கெட் தூக்கும்போது பலம் குறைகிறதா? கடைசியாக, "ரிவர்ஸ்லயும் இதே கதையா?"

ஆபரேட்டர் கொஞ்சம் யோசித்தார். "இல்லண்ணே. ரிவர்ஸ்ல ஒழுங்காத்தான் வருது. முன்னால போறப்பதான் லெஃப்ட்டு செத்துப்போகுது."

"இதை முன்னாடி காட்டின இடத்துல சொன்னியா?"

"அவங்க கேக்கலண்ணே. பம்ப்பு போயிடுச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்க."

ரிவர்ஸ் பற்றிய அந்தப் பதிலில் பாதி வேலை முடிந்துவிட்டது என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. பம்போ மோட்டாரோ தேய்ந்திருந்தால் முன்னும் பின்னும் ஒரே மாதிரி பலம் குறையும். எண்ணெய் போதாவிட்டால் இரண்டு பக்கமும் படுக்கும். ஒரே பக்கம், அதிலும் ஒரே திசை என்றால், அந்தத் திசைக்கு உரிய ரிலீஃப் வால்வைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அழுத்தம் அளவு மீறும்போது எண்ணெயைத் திருப்பிவிடும் சின்ன உருளை அது. சரியாக மூடாமல் நின்றால், தள்ளுகிற எண்ணெய் மோட்டாருக்குப் போகாமல் குறுக்கே கசிந்துவிடும். காலையில் எண்ணெய் கெட்டியாக இருப்பதால் கசிவு தெரியாது. சூடேறி இளகியதும் தெரியும். சொந்தக்காரருக்கு இருப்பது இந்த ஒரு வண்டிதான். பம்ப் மாற்றியிருந்தால் அதிலுள்ள வால்வும் கூடவே மாறியிருக்கும். கடன் வாங்கிச் செலவழித்த பிறகும், எதனால் சரியானது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆனாலும் அவர் நேரே வால்வுக்குப் போகவில்லை. எண்ணெய் மட்டம் பார்த்தார். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர், நுரைத்திருந்தால் காற்று, இரண்டும் இல்லை. ஃபில்டரைக் கழற்றி, கூட்டை அறுத்து, மடிப்புகளை விரித்து வெயிலில் பிடித்தார். பித்தளைப் பொடி மினுங்கினால் பம்போ மோட்டாரோ உள்ளே தேய்கிறது என்று அர்த்தமாம். மினுங்கவில்லை.

பிறகு வண்டியைக் குளிப்பாட்டச் சொன்னார். தண்ணீர் பீய்ச்சிக் காற்றடித்துக் காயவைத்த பிறகே கேபினைப் பின்னால் சாய்த்தார்கள். பக்கெட்டைத் தாங்கும் இரும்புக் கைகளைத் தூக்கி, அடியில் முட்டு கொடுத்திருந்தார்கள். ஹெல்பர் பையன் பனியன் வேஸ்ட்டோடு கிட்டே வந்தபோது அவர் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "அதைத் தூரப் போடு!" திருப்பூர் பனியன் வேஸ்ட் எல்லாப் பட்டறையிலும் கை துடைக்கும். ஆனால் அதிலிருந்து உதிரும் ஒரு நூல் வால்வுக்குள் போனால் போதும், இன்னொரு பழுது. திறந்த ஹைட்ராலிக்குக்குப் பக்கத்தில் துவைத்த பழைய வேட்டித் துணி மட்டும்தான். அதைச் சோறு கட்டுவது போல மடித்துத் தனி டப்பாவில் வைத்திருக்கிறார்.

இடப் பம்பில் முன்திசை வால்வையும் பின்திசை வால்வையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். அவ்வளவுதான். புதிதாக ஒரு சாமானும் வாங்கவில்லை. மூடி, மறுபடி சூடேற்றி, மண்மேட்டுக்கு ஓட்டினார்கள். இப்போது முன்னால் நேராகப் பாய்ந்தது. ரிவர்ஸ் போட்டதும் இடப்பக்கம் சோர்ந்தது. ஆபரேட்டர், "ஐயோ, இதுவும் போச்சா?" என்று பதறி இறங்கினார். பட்டறைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பழுது வால்வோடு கூடவே இடம் மாறியிருக்கிறது. பம்ப் நல்ல பம்ப்.

பழுதான வால்வை மறுபடி கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் என்னிடம் காட்டினார். உட்காரும் விளிம்பில் கண்ணிமை முடி அளவுக்கு ஒரு எஃகுக் கம்பித் துணுக்கு. அதைச் சுற்றி நகக்கீறல் மாதிரி ஒரு தடம். "ஓஸ் எப்போ மாத்தினே?" என்று கேட்டார். இரண்டு மாதம் முன்பு இடப்பக்கத்தில் எண்ணெய் போகும் ஓஸ் குழாய் வெடித்து, அவசரத்துக்கு வெளியில் அடித்துப் போட்டிருந்தார்கள். ஓஸை வெட்டும் சக்கரம் ரப்பர் தூளையும் உள்கம்பித் துணுக்கையும் குழாய்க்குள்ளே தள்ளும். ஊதிக் கழுவாமல் மாட்டினால் அது எண்ணெயோடு போகும். பம்புக்கும் மோட்டாருக்கும் இடையே எண்ணெய் மூடிய வட்டமாகச் சுற்றுகிறது. அதில் பெரும்பகுதி ஃபில்டர் பக்கமே வராது. உள்ளே போன துணுக்கு போக்கிடம் இல்லாமல் சுற்றிச் சுற்றி, கடைசியில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஓஸ்களைக் கழற்றி, பஞ்சு அடைப்பானைக் காற்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளினார்கள். முதல் அடைப்பான் கறுத்து வந்தது. நான்காவது வெளுப்பாக வந்தது. கொட்டகை மூலையில் எலும்புக்கூடாகக் கிடந்த அதே மாடல் வண்டியிலிருந்து ஒரு வால்வு கிடைத்தது. கேஜ் மாட்டி அழுத்தம் பார்த்துப் பொருத்தினார். இடையில், கீழே படுத்திருந்த பையன் பின்சக்கர அச்சில் சுற்றியிருந்த சாக்குத் தைக்கும் நைலான் நூலை அறுத்து எடுத்தான். உருகி இறுகிக் கறுப்பு வளையமாகி, ஆயில் சீலைத் தின்ன ஆரம்பித்திருந்தது. குப்பையில் உழைக்கும் வண்டிக்குப் பெரிய எதிரி அந்த நூல்தான் என்றார்.

கசிவு பார்க்க ஒரு அட்டையை எடுத்து ஓஸ் ஓரமாக நகர்த்தியபோது விரல் கதையைச் சொன்னார். இந்தக் குழாய்களில் அழுத்தம் 200 பாரையும் தாண்டும். கார் டயரில் இருப்பதைப்போல நூறு மடங்கு. ஊசித் துளையில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வேலை கற்ற நாளில் கையால் தடவிப் பார்த்தார். ஊசி குத்தியது போலத்தான் இருந்ததாம். இரவுக்குள் விரல் வீங்கிக் கறுத்துவிட்டது.

நான்கு மணிக்கு வண்டி இரண்டு திசையிலும் நேராக ஓடியது. சொந்தக்காரர் போனில் அவசரப்படுத்தினார். லாரி வாசலில் நின்றது. அப்போதுதான் பட்டறைக்காரர் சீட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்து ஒரு வயரைப் பிடித்து இழுத்தார். மடியின் மேல் இறங்கும் பாதுகாப்புக் கம்பியின் சுவிட்சை யாரோ நேரடியாக இணைத்து வைத்திருந்தார்கள். அந்தக் கம்பி இறங்காமல் கைகளும் சக்கரமும் அசையக் கூடாது. கேபினுக்கு வெளியே தலையையோ கையையோ நீட்டிய ஆபரேட்டர்கள் இறங்கும் இரும்புக் கைக்கும் வண்டி உடலுக்கும் இடையே நசுங்கி இறப்பதைச் சுட்டி, அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1998-இலேயே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. இவர் அதைப் படித்தவர் இல்லை. அப்படிப் போன ஒருவரைத் தெரிந்தவர்.

"சுவிட்ச் துருப்பிடிச்சு அடிக்கடி நின்னுடுதுண்ணே. அதான்..." என்று ஆபரேட்டர் இழுத்தார்.

"துருவுக்கு மருந்து இருக்கு, தம்பி."

சொந்தக்காரரிடம் போனில், வண்டி வர ஆறு மணி ஆகும் என்று சொல்லி வைத்தார். சுவிட்சைச் சுத்தம் செய்து, வயரைப் பழையபடி பிரித்து இணைத்தார். பிறகு ஆபரேட்டரை ஏறி உட்காரச் சொல்லி, கம்பியை மேலே தூக்கச் சொன்னார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. லீவரைத் தள்ளினார்கள், வண்டி அசையவில்லை. இறக்கித் தள்ளினார்கள், நகர்ந்தது. "இன்னொரு வாட்டி" என்றார். மூன்று முறை பார்த்த பிறகே பலகையை எடுத்து லாரியில் சாய்க்கச் சொன்னார்.