பிடித்தம்

'பிடித்தம்' என்னும் சொல்லுக்கு விருப்பம் என்றும் பொருள் உண்டு. ஆயினும், சம்பளச் சீட்டில் அச்சொல்லைக் கண்டு விருப்புற்றவர் இலர். ஜொகூரின் லாபிஸ், சிகாமட், குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் மக்கள், கிராணியார் எண்ணித் தந்ததைப் பெற்றுச் சென்றனர். எது கழிந்தது, ஏன் கழிந்தது என்று வினவியவர் சிலரே. மழை பெய்தால் வெட்டு இல்லை. அத்தகைய மாதத்தில் முன்பணமும் போக எஞ்சுவது சிறிது. சேமநிதிக்குப் பிடித்த தொகையும் அப்போது பறிபோன பொருளாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1951இல் ஊழியர் சேமநிதி தொடங்கியபோது தொழிலாளி நூற்றுக்கு 5 வெள்ளி செலுத்தினால், முதலாளியும் 5 வெள்ளி செலுத்த வேண்டும் என்பது விதி. இன்று அறுபது வயதுக்கு உட்பட்ட மலேசியத் தொழிலாளியின் பங்கு 11. சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவர்க்கு முதலாளியின் பங்கு 13. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி பெறுபவரிடம் பிடிப்பது 187. அவர் பெயரில் சேர்வதோ 408. எஞ்சிய 221 வெள்ளி கையில் பட்டுப் போகாத பணம்; ஆதலால் மனத்திலும் நிற்பதில்லை. சொக்சோவுக்குப் பிடிப்பது மிகச் சிறு தொகை. எனினும், வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்துக்கும் அதில் காப்பு உண்டு. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாசீர் கூடாங் தொழிற்சாலைக்கு விரையும் இளைஞனுக்கு இது சிறு செய்தியன்று.

பிடித்தது வேறு, கட்டியது வேறு. சீட்டில் பிடித்ததாகக் காட்டிவிட்டு வாரியத்துக்குச் செலுத்தாத முதலாளிகளும் உளர். அது சட்டப்படி குற்றம். ஆனால், சேமநிதிக் கணக்கறிக்கையையும் சம்பளச் சீட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கே அக்குற்றம் புலப்படும். சீட்டை வாங்கியவுடன் கசக்கி எறிபவர் எதனைக் கொண்டு வழக்குரைப்பார்?

ஜொகூர் பாருவில் நிலைமை வேறு. பாலம் கடந்து சிங்கப்பூரில் உழைத்துத் திரும்புவோர் பலருக்குச் சேமநிதிப் பிடித்தமே இல்லை. அந்நாட்டு மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை அனுமதியில் செல்லும் மலேசியர்க்கு அதில் இடமில்லை. முழுச் சம்பளமும் கைக்கு வருகிறதே என்று மகிழ்பவர், முதலாளியின் பங்கும் உடன் போயிற்று என்பதை எண்ணுவதில்லை. தாமே முன்வந்து மலேசியச் சேமநிதியில் கட்ட வழியுண்டு. பிடிப்பார் இல்லாதவிடத்துத் தாமாக எடுத்துவைக்கும் மனம் அரிது. இருபது ஆண்டு அங்கு உழைத்த ஒருவர் அவ்வாறு கட்டாதிருந்தால், ஐம்பத்தைந்தாம் வயதில் கணக்கைக் கேட்கும்போது, இளமையில் தோட்டத்தில் பிடித்த சில வெள்ளியும் அதன்மேல் ஏறிய இலாப ஈவுமே அவர் பெயரில் இருக்கும்.